செல்லூர் மாடியில் கேட்காத விசில்

ஒரு விசில் சத்தத்துக்காக இரண்டு பெரிய மனிதர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்களா? செல்லூரில் நிறுத்திக்கொண்டார்கள். என் கண் முன்னால்!

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு — பழைய ஹோம் கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே முழு கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். வீட்டு டிவியில் சொருகினால் ஓடும். கேசட்டிலிருந்து கேம் ஏறி முடிப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். இதே பைத்தியம் பிடித்த இரண்டு பேர் ஊரில் எனக்குச் சிநேகிதம்.

ஒருவர் தங்கவேல். என் வயதுக்காரர். செல்லூரில் கீழே விசைத்தறிக் கூடம், மேலே வீடு. இன்னொருவர் ரவி. ஆனையூரிலிருந்து வருவார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். எங்களைவிடச் சின்னவர், வாய் மட்டும் பெரிது. ஞாயிற்றுக்கிழமையானால் தங்கவேல் வீட்டு மாடியில் கூடிவிடுவோம். அன்றைக்குத் தறிக்கு லீவு. அந்தத் தெருவில் மனிதர் பேசுவது காதில் விழும் ஒரே நாள்.

கூடி என்ன செய்வோம்? சண்டைதான்.

தங்கவேல் மெஷினில் சவுண்டுக்கென்றே தனி சிப். ஒரே நேரத்தில் மூன்று குரலில் பாடும். ரவியின் மெஷினில் அந்தக் கொடுப்பினை கிடையாது. உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர், 'கீ கீ' என்று கத்தும். ஆனால் புராசஸர் வேகமானது. கணக்குப் போடச் சொன்னால் சிட்டாகப் பறக்கும்.

"என்னுது பாடும் தம்பி. ஒன்னுது கொசு மாதிரி கத்தும்!"

"பாட்டுக் கேக்கவாண்ணே கம்ப்யூட்டரு? வேகம் வேணும். ஒங்களுது மாட்டுவண்டி!"

வாராவாரம் இதே வசனம். தங்கவேல் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆளுக்குக் கோபம் ஜாஸ்தி என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம்.

சில மாதங்களுக்கு முன் அவருடைய மெஷினின் பழைய அடாப்டர் புகைந்து போனது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, பெருமையாக ஒரு டியூன் போட்டார். மூன்று குரலும் அருமையாகத்தான் வந்தன. கூடவே ஊசி மாதிரி ஒரு விசில்... 'ஊய்ய்ய்ங்' என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ரவி காதைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, மொதல்ல அந்த விசில நிப்பாட்டுங்க. புது அடாப்டர் கத்துது."

"எந்த விசிலு?"

"இந்தா கத்துதேண்ணே... கேக்கலையா?"

"ஒரு விசிலும் இல்ல. ஒன் மெஷின் பாடாதுங்கிற வயித்தெரிச்சல்ல பேசாத!"

ரவி சிரித்தார். தங்கவேல் என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ சொல்லு. விசிலா கேக்குது?"

"கேக்குது மாப்ள" என்றேன்.

அவ்வளவுதான். முகம் சுண்டிப்போனது. "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீக" என்று ஸ்விட்சை அணைத்தார். அதற்கு அடுத்த ஞாயிறு கூட்டமில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமாதானம் பேசலாமென்று ஒரு நாள் மாலை, தெருவில் தறியெல்லாம் நின்ற பிறகு கிளம்பிப் போனேன். தங்கவேல் மாடி முன்னறையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ராஜாத்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கண்ணே" என்றார். பிறகு அவரைக் கூப்பிட்டார். ஒரு தடவை, இன்னொரு தடவை... அவர் திரும்பவில்லை.

"அவரு அப்பிடித்தாண்ணே. நான் சொன்னா மட்டும் காதுலயே ஏறாது."

எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதானே? நானும் வழக்கம்போலச் சிரிக்கப் போனேன். சிரிப்பு பாதியில் நின்றது. தங்கவேலின் செல்போன் அவருக்குப் பக்கத்திலேயே கீச்சுக் குரலில் அடித்துக்கொண்டிருந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மனிதர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருந்தார்.

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். படியில் உட்கார்ந்தேன். எழுந்து மறுபடி நடந்தேன். யார் சொல்வது? சவுண்டைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிற மனிதரிடம் போய், 'உனக்குக் காது கேட்கவில்லை' என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் குளத்தங்கரையில் நின்றே ரவிக்குப் போன் போட்டேன்.

ரவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நம்ம சொன்னா நம்ப மாட்டாருண்ணே. அவரு மெஷின் சொன்னா நம்புவாரு."

அந்த ஞாயிறு, அழைப்பில்லாமல் இருவரும் போய் நின்றோம். ரவி, தங்கவேலின் மெஷினுக்கென்றே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அடிக்குரலில் ஆரம்பித்து, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சென்று உயர்ந்துகொண்டே போகும். டிவியில் ஒரு எண் கூடவே ஏறும். சத்தம் நின்றதும் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும்.

"என்ன வெளாட்டு இது?" என்றார் தங்கவேல், முறைப்பாக.

"ஒங்க சிப்பு எம்புட்டு ஒசரம் போகுதுன்னு பாக்கத்தாண்ணே."

முதலில் ரவி. கடைசி எண் வரை போய்த் தட்டினார். அடுத்து நான். எனக்கும் கடைசி வரை கேட்டது. மூன்றாவதாகத் தங்கவேல்... பாதி கூடத் தாண்டவில்லை. பட்டென்று தட்டினார்.

"முடிஞ்சிருச்சு."

முடியவில்லை. தட்டிய எண் ஒரு ஓரத்தில் நின்றது. சத்தமும் மற்ற எண்ணும் ஏறிக்கொண்டே இருந்தன. அவர் திரையைப் பார்த்தார். டிவி வால்யூமைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். எங்கள் காது கிழிந்தது. அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"இப்பவுமா?"

"இப்பவும் ஓடுது மாப்ள" என்றேன்.

எண் உச்சிக்குப் போய் நின்றது. அவர் கீபோர்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்ப... அந்த விசிலு நெசந்தானா தம்பி?" என்றார். ரவி தலையை மட்டும் ஆட்டினார். வாசலில் நின்றிருந்த ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காது டாக்டர் மழுப்பவில்லை. காலமெல்லாம் கேட்ட தறிச் சத்தம் உள்காதைத் தின்றிருக்கிறது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். காதில் மெஷின் மாட்டிக்கொண்டு வந்த அன்றே தங்கவேல் அந்த டியூனைப் போட்டுக் கேட்டிருக்கிறார். உடனே ரவிக்குப் போன்.

"ஏன்யா, இம்புட்டு அசிங்கமாவா கத்துச்சு? சட்டையப் புடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

இத்தோடு சுபம் என்று நினைத்தேன். தங்கவேலுக்குத்தான் உட்கார முடியவில்லை. மறுநாளே டிவியையும் கம்ப்யூட்டரையும் கீழே இறக்கி, தறிகளை நிறுத்திவிட்டு, வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துவிட்டார். பாண்டியம்மாள் என்ற தறிக்காரர், அவரைவிடச் சீக்கிரமாகத் தட்டினார். தங்கவேல் ஆடிப்போய், அன்று சாயங்காலமே எல்லாருக்கும் காதடைப்பான் வாங்கி வந்தார். யாரும் மாட்டவில்லை.

"சத்தம் மாறுனாத்தாண்ணே நூலு அறுந்தது தெரியும். காத அடச்சுக்கிட்டு எப்பிடித் தறி ஓட்டுறது?" இது பாண்டியம்மாள். "டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு நல்லாத்தான் கேக்குது."

தங்கவேல் கெஞ்சினார், கத்தினார். நடக்கவில்லை. என்னிடம் வந்து புலம்பினார். நியாயமான கேள்விதானே அது? 'நூல் அறுந்தால் விளக்கு எரிகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன்' என்று ரவி மட்டும் சொல்லியிருக்கிறார். செய்துகொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு. மாடியில் பழையபடி வேகமா, இசையா என்ற சண்டை உச்சத்தில் இருந்தது. யாரோ படியேறி வரும் சத்தம். திரும்பினால், பாண்டியம்மாள். அன்றைக்குத் தறி கிடையாது. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"அண்ணே, அந்தச் சத்தத்த இன்னொருக்கா போடுங்க."

போட்டோம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டார். தட்டினார். அதே இடம். கண்ணைத் திறந்து, எண் தனியாக ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"வீட்ல பேத்தி பேசுறது கொஞ்ச நாளா வெளங்க மாட்டேங்குதுண்ணே. மழலைன்னு நெனச்சேன்..." தங்கவேல் பக்கம் திரும்பினார். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீக?"

"கெளம்பு. இப்பவே யாராச்சும் இருக்காகளான்னு பாப்போம்" என்று தங்கவேல் சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு இறங்கிவிட்டார்.

விவாதம் பாதியில் நின்றது. ரவிக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம் — அன்றைக்கு அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாராம்!