அந்தக் கவுன் என்ன நிறம்?

பழைய ஹாலிவுட் படங்கள் என்றால் எனக்கு உயிர். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் நாயகி அணிந்திருந்த கவுனைப் போலவே ஒன்று தைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, மலேசியாவில் எங்கள் ஊரான மெர்லிமாவில் இருக்கும் தையல்கார அக்காவிடம் கைப்பேசியில் அந்தக் காட்சியைக் காட்டினேன்.

“நல்லாருக்கு. கலரு என்னம்மா?”

இத்தனை முறை பார்த்தும் அதை நான் யோசித்ததே இல்லை.

அக்காவுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. சிவப்பு, பச்சை, நீலத் துணிகளை மேசையில் விரித்து, கறுப்பு வெள்ளையில் படமெடுக்கச் சொன்னார். மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தன.

“எல்லாம் ஒண்ணாதான் இருக்கு லா! அவ எதப் போட்டிருந்தாளோ!”

சிரித்துக்கொண்டே பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். இப்போதெல்லாம் பழைய படம் பார்க்க உட்கார்ந்தால் கதையில் மனம் நிற்பதில்லை. அந்தத் திரைச்சீலை என்ன நிறம், அவளுடைய உதட்டுச்சாயம் என்ன நிறம் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.