தவமணி அக்கா, நாய் பூனைகளின் நர்ஸ்

தவமணி அக்கா போய்விட்டார்.

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள்... பழைய வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தபோது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு... குழந்தைகள் வார்டில் நான் புது நர்ஸாகச் சேர்ந்தபோது அவர் அங்கே சீனியர். இருபது வருஷத்துக்கு மேல் அதே வார்டு. திடீரென்று ஒரு நாள் ராஜினாமா. நாற்பத்தாறு வயதில் மறுபடி படித்து, இங்கே சிங்கப்பூரிலேயே, தெம்பனிஸ் பகுதியில் ஒரு விலங்கு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தார். நாய், பூனை, முயல்...

"ஏன்க்கா?" என்று எல்லோரும் கேட்டோம். ஆளுக்கொரு பதில் சொன்னார். என்னிடம் சொன்னது இது. "பிள்ளைங்க அழுறத இவ்ளோ வருஷம் கேட்டாச்சுடி. இன்னும் இருந்தா எனக்கே பழகிடும் போல. அது பழகக்கூடாதுல்ல?"

சேர்ந்த முதல் வாரமே கையில் கட்டோடு எங்களைப் பார்க்க வந்து நின்றார். மூச்சுத் திணறலோடு ஒரு புல்டாக் வந்திருக்கிறது. அக்கா வார்டுப் பழக்கத்தில் அதைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருக்கிறார். மூச்சு வாங்கும் குழந்தைக்கு நாங்கள் செய்வது அதுதானே. ஆனால் நாயை அதன் இஷ்டத்துக்குக் குப்புறப் படுக்க விடணுமாம். ஒரே கடி.

"வார்டுல கம்ப்ளைண்ட் எழுதிக் குடுப்பாங்க, பதில் வர ஒரு மாசம் ஆகும். இங்க உடனே ஃபீட்பேக் லா!" என்று சிரித்தார்.

வீட்டில்தான் யாரும் சிரிக்கவில்லை. பிடோக் வீட்டில் அக்காவும் அவர் அம்மாவும் மட்டும். வேலை முடிந்து வந்தால் நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும், சாமி அலமாரி பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. "வார்டுலேர்ந்து எத்தன கிருமியோட வந்திருப்பேன்... அப்பல்லாம் வாசல்லயே காப்பி குடுத்தாங்கடி. இப்ப ஒரு நாய் முடிக்கு இவ்ளோ கலாட்டா" என்பார் அக்கா.

தேக்கா மார்க்கெட்டில் சொந்தக்காரர் யாராவது விசாரித்தால் அம்மா சொல்வது ஒரே பதில். "ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கா." அத்தோடு பேச்சை மீன் பக்கம் திருப்பிவிடுவார்.

"பொய் சொல்லலியே, எந்த ஆஸ்பத்திரின்னுதான் சொல்லல" என்று அக்காவே கிண்டல் செய்வார். ஆனால் ஒரு நாள் டீயைக் கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்... "நாலு பேரு இருக்கும்போது எந்த ஆஸ்பத்திரின்னு அம்மா வாயால ஒரு தடவ சொல்லிட்டாங்கன்னா எனக்குப் போதும்."



மகள் பிறந்த பிறகு எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். நானே நர்ஸ், ஆனாலும் அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டால் மூளை வேலை செய்யாது. உடனே அக்காவுக்குத்தான் போன்.

"நான் இப்ப பூனை நர்ஸ்டி, எங்கிட்ட கேக்குற?"

"அக்கா, ப்ளீஸ்..."

"சரி, உம் பொண்ணு கடிக்கிறாளா? பொறாண்டுறாளா? இல்லல்ல? அப்ப ஈஸி கேஸ். தண்ணி குடிக்கிறாளா, ஒண்ணுக்குப் போறாளா, அத மொதல்ல சொல்லு."

இனி காய்ச்சல் வந்தால்...

இன்று அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்தான் அக்காவின் உடலை வைத்திருந்தார்கள். மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

தூண் பக்கம் ஒரு வயதான சீனப் பெண்மணி, குழந்தை வண்டியோடு வெயிலில் நின்றிருந்தார். சாவு வீட்டுக்குக் கைக்குழந்தையைக் கொண்டு வருவார்களா என்று எனக்குப் படபடப்பு. ஓடிப்போய், "ஆண்ட்டி, ஃபேன் பக்கம் வாங்க, பேபிக்கு வேர்க்கும்" என்று இங்கிலீஷில் சொல்லிக் குனிந்து பார்த்தால்... உள்ளே ஒரு கிழட்டு நாய். முகமெல்லாம் நரைத்து, நாக்கு வெளியே தொங்கியபடி.

அதற்குள் ஒரு மாமா சத்தம் போட்டார். "யாரும்மா அது, சடங்கு சாமான் வச்சிருக்க எடத்துல நாய்? அந்தாண்ட நிக்கச் சொல்லு!"

அக்காவின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். நான் பயந்தே போனேன்.

அவரும் அந்த ஆண்ட்டியும் மலாயில் பேசிக்கொண்டார்கள், பழைய மார்க்கெட் மலாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. நாய்க்குப் பின்னங்கால் விழுந்துவிட்டதாம். அக்கா வேலை முடிந்து ஆண்ட்டி வீட்டுக்கே போய் காலைப் பிடித்துவிட்டு, துண்டால் இடுப்பைத் தூக்கிப் பிடித்து நடக்க வைப்பாராம். இப்போது ஒண்ணுக்குப் போக அதுவாகவே எழுந்து போகிறதாம்.

அம்மா வண்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "லேட்டா வர்றாளேன்னு தெனமும் திட்டுவேன். எங்க போனேன்னு ஒரு நாளும் கேக்கல" என்றார்.

"என்னக்கா, யாரு அவங்க?" மாமா அம்மாவிடம் மறுபடி கேட்டார்.

"எம் பொண்ணு நாய் ஆஸ்பத்திரில நர்ஸு" என்றார் அம்மா. எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாகவே. "இது அவ கவனிச்ச நாய். இங்கதான் நிக்கும்."

மாமாவே ஒரு நாற்காலியை எடுத்து வந்து ஆண்ட்டிக்குப் போட்டார்.

நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல அவசரமாகச் சீவிய தலை இல்லை, யாரோ நன்றாகப் படிய வாரிவிட்டிருந்தார்கள்.

அம்மா சொன்னதை நீங்கள் கேட்டிருக்கணும் அக்கா...