சித்தி வளர்த்த வண்டுகள்

ஒன்பது வயதில், வண்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு செமினியில் வேறு யாருக்கும் தெரியாது என்பது என் திடமான நம்பிக்கை. எதிர்வீட்டு ஆன்டியின் தம்பிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம் என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தப் பெருந்தன்மையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

செமினிக்கு வருமுன் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தோம். அங்கே எங்களுக்கு வாய்த்த ஜீவராசிகள் கரப்பானும் பல்லியும்தான். பிறகு அப்பா செமினியில் புதிதாக எழுந்த தாமான் குடியிருப்பு ஒன்றில் மூலை வீட்டை வாங்கினார். பின்னால் ஒரு பெரிய கால்வாய், அதைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். நாங்கள் குடிபோன வருஷம் பார்த்து அந்தத் தோட்டத்தில் மறுநடவு. கிழட்டு மரங்களைச் சாய்த்து, துண்டு போட்டு, அங்கேயே மக்க விட்டிருந்தார்கள். மக்கிய செம்பனைக்குள்தான் வண்டு முட்டையிடும். புழு கொழுத்து, வண்டாகி, இறக்கை பலப்பட்டதும் விளக்கு எரிகிற வீடாகப் பார்த்து விருந்துக்குக் கிளம்பிவிடும். தோட்டத்திலிருந்து வந்தால் முதலில் விளக்கு எரியும் வீடு எங்களுடையது.

முதல் வண்டு நேராக வந்து சித்தியின் தலைமுடியில் இறங்கியது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. காஜாங்கில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்துகொண்டு எங்களோடு இருந்தாள். அதற்கு முன்பே ஒரு முறை அவளுக்கு நிச்சயமாகி, பத்திரிகை அடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்தது அப்பா. அவருக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி. ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். அவர் படும் பாட்டைப் பார்த்துச் சித்திதான், "விடுங்க அத்தான், இனிமே நீங்க யாரைக் காட்டுறீங்களோ அவருக்குக் கழுத்த நீட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்தாள். இதெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தி நன்றாகப் பாடுவாள், ரசம் வைக்கத் தெரியாது, பூச்சி என்றால் உயிர் போய்விடும்.

அன்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டிலிருந்து ஓர் ஆள் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். அந்த வீட்டு ஆன்டியின் தம்பி. டெங்கில் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் பூச்சி பார்க்கிற வேலை. சனி ஞாயிறு அக்காள் வீட்டுக்கு வருவார். நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். வண்டின் காலெல்லாம் முள். முடியில் சிக்கினால் இழுத்து எடுக்க முடியாது, ஒவ்வொரு காலாகக் கழற்ற வேண்டும். அம்மா டார்ச் அடிக்க, அவர் ஓர் இழை முடியும் அறாமல் பொறுமையாகக் கழற்றினார்.

"அசையாதீங்க, அசையாதீங்க. கடிக்காது. இது சும்மா கொம்பு வண்டு."

எடுத்ததும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கன்னங்கரேலென்று, கட்டைவிரல் நீளத்துக்கு, மூக்கின் மேல் ஒற்றைக் கொம்போடு. அழுகையை நிறுத்தியிருந்த சித்தி மெதுவாக எட்டிப் பார்த்து, "இது ஆணா, பொண்ணா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! அவர் அதைக் குப்புறத் திருப்பினார். "பின்னாடி முடி அடர்த்தியா இருந்தா பொண்ணு. இது ஆணுங்க."

"ஆம்பளைதான் இப்படிக் குடுமியைப் புடிச்சிக்குவான்" என்றாள் அம்மா. சித்தி சிரித்தாள். அவர் காது இரண்டும் சிவந்துபோயின.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நான் அறிவியல் வளர்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன். உயிர் போய்விடும் என்று கத்திய சித்தி, திங்கள் முதல் வெள்ளி வரை வாசலில் விழும் வண்டுகளைக் குப்பை முறத்தால் அள்ள ஆரம்பித்தாள். பெரிய பிஸ்கட் டின்னின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். சனிக்கிழமை வரை வண்டு உயிரோடு இருக்க வேண்டுமே! அதற்காக வேலை முடிந்து வரும்போது பாசாரில் வாழைப்பழம் வாங்கி வந்து, வட்ட வட்டமாக நறுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு டின்னுக்குள் போடுவாள். எனக்கு அந்தப் பழத்தில் பங்கு கேட்டால், "வண்டு பாவம்டி" என்பாள். என்மேல் பாவப்பட ஆளில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் நாளிதழை விரித்து டின்னைத் திறப்போம். அங்கிள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார். தலையில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக இரட்டைக் கொம்பு, நுனி பிளந்திருந்தால் யானை வண்டு. உடம்பைவிட மீசை நீளமாக இருந்து, பிடித்தால் கீச்சென்று கத்துவது மரம் துளைக்கிற வண்டு. செந்நிறமாக, தும்பிக்கை மாதிரி மூக்கு வைத்திருப்பது கூன் வண்டு. நான் எல்லாவற்றையும் பாடம் பண்ணிக்கொண்டேன். வண்டைப் பற்றி என்றால் மனிதர் நிறுத்தாமல் பேசுவார். வேறு எதைக் கேட்டாலும், "ஆமாங்க", "இல்லங்க", அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். வந்ததில் முக்கால்வாசி அதே ஒற்றைக் கொம்பு வண்டுதான். ஆனால் சித்தி விடமாட்டாள். "இது வேற வகை மாதிரி இருக்கே?" என்று ஒன்றை நீட்டுவாள்.

"இல்ல சித்தி, போன வாரம் வந்ததுதான்" என்பேன் நான்.

அவள் என்னை ஒரு முறை முறைப்பாள். அவர் அந்த வண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு" என்பார். படித்த மனிதர் இப்படி மழுப்புகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு தடவை, "எதுக்கு சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கணும்? போன்ல படம் புடிச்சி அனுப்பலாம்லா" என்று நல்ல யோசனை ஒன்று சொன்னேன். "படத்துல கொம்பு சரியா தெரியாது" என்று சித்தி என் வாயை அடைத்துவிட்டாள்.

இதற்கு நடுவில் பண்டமாரானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவரின் மகன். தங்கமான குடும்பம், பையனுக்கு நல்ல உத்தியோகம். அப்பா பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "என்னம்மா சொல்ற?" என்று சித்தியைக் கேட்டார். "உங்க இஷ்டம் அத்தான்" என்று சொல்லிவிட்டு, சித்தி வண்டுக்குப் பழம் மாற்றப் போனாள். அம்மா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. பாடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. காரணத்தை நானே கண்டுபிடித்தேன். பயந்த சுபாவக்காரி, வாரம் பூராவும் வண்டுகளோடு மல்லுக்கட்டினால் சோறு எப்படி இறங்கும்? அடுத்த சனிக்கிழமை, எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன்.

"அங்கிள், நீங்க டெங்கில்ல வாளி வெச்சு வண்டு புடிப்பீங்கன்னு சொன்னீங்கல்ல? எங்க பின்னாடி தோட்டத்துலயும் வைங்களேன். சித்தி பாவம், ரொம்பக் கஷ்டப்படுறாங்க."

அது அவர் வேலை. கம்பத்தில் வாளியைக் கட்டி, வண்டின் வாசனை அடிக்கிற மருந்துப் பை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். கூட்டாளி இருக்கிறான் என்று நம்பி வரும் வண்டு வாளிக்கு மேல் நிற்கும் தகரத்தில் மோதி உள்ளே விழுந்துவிடும். அங்கிள் சித்தியைப் பார்த்தார். அப்பாதான் தொடையில் தட்டி, "அட, நல்ல யோசனையா இருக்கே! அந்தத் தோட்டமும் உங்க கம்பெனி பார்க்கிறதுதானே தம்பி? போடுங்களேன், புண்ணியமாப் போகும்" என்றார்.

"போடலாம்ண்ணே" என்றார் அங்கிள். யாரோ செத்துப்போன செய்தி கேட்ட மாதிரி இருந்தது குரல்.

போட்டார். ஒழுங்காகவே போட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர் அத்தனை சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அடுத்த வாரமே வண்டு வரத்து பாதியாகக் குறைந்தது, பிறகு அடியோடு நின்றது. டின் காலி. வண்டு இல்லாமல் எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வர என்ன முகாந்திரம்? சனிக்கிழமைகளில் அவர் தன் அக்காள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் விளக்கைப் பார்ப்பார். விளக்கு வெறுமனே எரியும். உள்ளே போய்விடுவார். சித்தி பிஸ்கட் டின்னைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள். பிரச்சினையைத் தீர்த்து வைத்த எனக்கு ஒரு சாக்லேட்கூட வாங்கித் தரவில்லை.

பண்டமாரான்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு முழுத் திருப்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி முடிவு சொல்வதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போனை மேசைமேல் வைத்து, பூஜை அறையில் ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சித்தி சன்னல் பக்கம் நின்றாள்.

அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அங்கிள். சட்டை, கால்சட்டை எல்லாம் தொப்பலாக நனைந்து, முழங்கால் வரை சேறு. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"அண்ணே, உங்க கேட்டு பக்கத்துல ஒண்ணு கெடந்துச்சு. என்ன வகைன்னு தங்கச்சிக்குக் காட்டலாமேன்னு..." என்று இழுத்தார்.

தங்கச்சி என்றது என்னை. டப்பாவை வாங்கித் திறந்தேன். அம்மாடி! என் உள்ளங்கையை அடைத்துக்கொண்டு, பச்சையும் கறுப்புமாக மினுங்கியது. முதுகிலிருந்து இரண்டு பெரிய கொம்பு முன்னால் வளைந்திருக்க, தலையிலிருந்து ஒன்று மேலே எழும்பியிருந்தது. அந்தக் கொம்பின் நடுவில் ஒரு சிறு பல். பள்ளி நூலகத்தில் இருந்த மலாய்ப் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு முழுப் பக்கம் உண்டு.

"பொய்! இது இங்க கெடந்திருக்காது!" என்று கத்தினேன். "இது குளிர் மலையில இருக்கிற வண்டு. கொம்புல பல்லு இருக்கு பாருங்கப்பா. இதெல்லாம் செமினிக்கு வராது!"

அங்கிள் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். அப்பா எழுந்து, அவர் சேற்றுக் காலையும் நனைந்த சட்டையையும் மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எங்க போயிட்டு வரீங்க தம்பி?"

"கேமரன் மலைக்குண்ணே."

"மோட்டார்லயா? இந்த மழையிலயா?"

"ஆமாண்ணே. நேத்து."

"ஒரு வண்டுக்காக அவ்வளவு தூரமா லா?"

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வண்டைப் பற்றி இல்லாமல் அவர் முழு வாக்கியமாக ஒன்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வண்டுக்காக இல்லண்ணே."

"பின்ன எதுக்காம்?" என்றேன் நான். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நல்ல கிள்ளு.

அப்பா சித்தியின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார். கேட்ட குரல் அப்பாவுடையது மாதிரியே இல்லை. சித்தி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், ஒரு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நிற்க, "அவரு நனைஞ்சிருக்காரு அத்தான். துண்டு கொண்டு வரவா?" என்றாள்.

கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மேசையிலிருந்த போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் வண்டு டப்பாவோடு பின்னாலேயே போனேன். அப்பா கேட்டோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிரே ஆள் நிற்பதுபோல முதுகை வளைத்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசினார். "என் தப்புதாண்ணே. பிள்ளைகிட்ட ஒழுங்கா கேக்காம முந்திக்கிட்டேன். திட்டுங்கண்ணே, நீங்க திட்டணும். மன்னிச்சிக்குங்க. வீட்டுல அண்ணிகிட்டயும் சொல்லிடுங்க, மன்னிச்சிக்கச் சொல்லுங்க." என் அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பொய் சொன்னவர் உள்ளே எங்கள் புதுத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு சுடச்சுடத் தே குடிக்கிறார். ஒரு பொய்யும் சொல்லாத அப்பா வெளியே நின்று மன்னிப்புக் கேட்கிறார். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்த எனக்குக் கிடைத்தது ஒரு கிள்ளு. நியாயம் கெட்ட வீடு என்று நினைத்துக்கொண்டேன்.