நாலாவது அங்கம்

சவப்பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டால் நார்பர்ட் கோவாச் லேசில் எழுந்திருக்க மாட்டார். மனிதருக்கு எத்தனை பக்தி என்று நினைத்துக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் பின்னால் வரிசையில் காத்திருப்பார்கள். அவர் வலது கை மட்டும் பக்கவாட்டில் தொங்கி, தரைக் கம்பளத்தின் இழையை எதிர்த்திசையில் நீவிக்கொண்டிருக்கும். எழுந்து வந்ததும் மனைவி ரோஸானின் காதோரம் குனிவார். "மட்டமான நைலான். நம்ம கடைச் சரக்கு இல்ல. இன்னும் நாலு சாவு தாங்குனா அதிகம்."

அறுபத்திரண்டு வயது. ஒஹாயோவில் ஆல்டர்டன் என்ற ஆற்றோர ஊரில், பிரிட்சர்ட் கம்பளக் கடையில் முப்பத்தோரு வருஷமாக விற்பனையாளர். எந்தக் கால்சட்டை போட்டாலும் முதலில் முட்டிதான் தேயும். ஊரில் பாதிப் பேரின் பெயர் அவருக்குப் பிடிபடாது. ஆனால் யார் வீட்டுக் கூடத்தின் அளவையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மளிகைக் கடையில் ஒரு நாள் திருமதி ஸாபோ என்ற மூதாட்டி வழிமறித்தாள்.

"ஏம்ப்பா, என்னைத் தெரியுதா?"

"தெரியாமலா? உங்க ஹால் பதினாலுக்குப் பதினொண்ணே முக்கால் அடி. ஜன்னல் பக்கம் ஒரு மூலை கோணல்."

"எங்க வீட்டுக்காரர் கட்டினது. வேற எப்படி இருக்கும்?"

"இருக்கட்டும்மா. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கா? நான் விரிச்ச விரிப்பு அப்படி."

அவர் வாயில் வராத சொற்கள் சில உண்டு. கம்பளம் நைந்துவிட்டது என்று சொல்லமாட்டார்; "அது தன் கடமையைச் செஞ்சிடுச்சு" என்பார். ஊரின் இரும்பாலை மூடி இருபத்தெட்டு வருஷமாகிறது, புகைபோக்கியைக்கூட இடித்துத் தள்ளிவிட்டார்கள். நார்பர்ட்டைக் கேட்டால் ஆலை "நின்னிருக்கு". மழைக்கு ஒதுங்கி நிற்பதைச் சொல்வதுபோலச் சொல்வார். கேட்கிறவர்களுக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றும், அதனால் யாரும் அவரைத் திருத்துவதில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் முதலாளி பிரிட்சர்ட் அவர் தோளில் கை போட்டார். "ஒரு நாள் நம்ம கடைப் பலகையில உன் பேரும் இருக்கும்ப்பா" என்றார். கையில் இருந்தது நாலாவது கோப்பை. மறுநாள் காலை முதலாளிக்கு அது ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. நார்பர்ட் மட்டும் புறா எச்சத்தைத் துடைக்கிற சாக்கில் ஏணி போட்டு ஏறி, பலகையில் இருந்த வெற்றிடத்தை அளந்துவிட்டு வந்தார். தொலைபேசி எண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பேர் தாராளமாக அடங்கும்.

பலகை மாறவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, எட்டாம் வருஷம் அவரே அச்சகத்துக்குப் போய், 'பிரிட்சர்ட் அண்ட் கோவாச் கம்பளங்கள். நார்பர்ட் கோவாச், பங்குதாரர்' என்று கார்டு அடித்துக்கொண்டு வந்தார். முதலாளி ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்றால் சிரிப்பு அதற்கும் மேலே அல்லவா? அன்றிலிருந்து கார்டு இல்லாமல் அவர் வாசற்படி தாண்டியதில்லை. ஞானஸ்நான விருந்தில் கொடுப்பார், பல் வைத்தியரிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் கொடுப்பார்.

இப்படிப்பட்டவர் வசந்த காலம் வந்தால் நாடக நடிகராகிவிடுவார். பழைய தீயணைப்பு நிலையத்தில்தான் ஊரின் நாடக மேடை. எழுதுவது, நடத்துவது, அதட்டுவது எல்லாம் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை வினிஃப்ரெட். இந்த நாட்டில் சோக நாடகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஜெயிக்கத் துடிக்கிற ஒரு குடும்பத் தலைவனைப் பிடித்துச் சமையலறை மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, மூன்று அங்கத்துக்குள் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பொய்யையெல்லாம் வெங்காயம்போல உரித்துவிடுவார்கள். வினிஃப்ரெட்டும் அந்த வழிதான். இந்த வருஷக் கதாநாயகன் ஏமோஸ் என்ற குடியானவன். சோளக்கதிர் ஒடிக்க ஒரு இயந்திரம் கண்டுபிடித்து, படம் வரைந்து சிகாகோ கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, பத்தொன்பது வருஷமாகக் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். மூன்றாம் அங்கத்தில் பெற்ற மகளே உண்மையைச் சொல்கிறாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போய்ச் சாகிறான்.

ஏமோஸ் வேஷம் நார்பர்ட்டுக்கு. மேடைச் சமையலறைக்குக் கம்பளமும் அவர் உபயம். எந்தக் குடியானவன் சமையலறையில் கம்பளம் விரிக்கிறான் என்று வினிஃப்ரெட் தலையில் அடித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய சண்டை கதையின் முடிவைப் பற்றியது.

"ஏன் வினிஃப்ரெட், மூணோட நிறுத்திட்டீங்க? நாலாவது அங்கத்துல லெட்டர் வந்துடும்ல."

"அவன் மூணாவதுலயே செத்துட்டான், நார்பர்ட்."

"செத்தா என்ன? தபால்காரன் வரமாட்டானா? பொண்ணு கையெழுத்துப் போட்டு வாங்கிப்பா."

நாடகம் முடிந்தால் நடிகர்கள் வேஷத்தோடு முன்கூடத்தில் வரிசையாக நின்று, பார்க்க வந்தவர்களோடு கை குலுக்குவது ஊர் வழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பிடித்து நார்பர்ட் தேற்றுவார். "அழாதீங்க மேடம். ஏமோஸுக்கு ஒரே ஒரு நல்ல வருஷம் அமைஞ்சிருந்தா போதும், எங்கயோ போயிருப்பான். அது சரி, உங்க மாடிப்படிக்கு என்ன போட்டிருக்கீங்க?" ஏமோஸின் கோட்டுப் பையிலிருந்து கார்டு வரும். பையின் மூடிக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அவர் போட விடுவதில்லை. ஆள் கிடைத்த நேரத்தில் கை தாமதிக்கக் கூடாது என்பார்.

நல்ல நடிகர்தான். ஒரே ஒரு வசனத்தில்தான் வண்டி நின்றுவிடும். மகள், "லெட்டர் வராதுப்பா" என்று சொன்னதும் ஏமோஸ், "தெரியும். ரெண்டாவது குளிர்காலத்துலயே எனக்குத் தெரியும்" என்று சொல்லவேண்டும். ஒத்திகை முழுக்க அது நார்பர்ட்டுக்கு வரவேயில்லை. ஊரின் கூடங்களையெல்லாம் அங்குல சுத்தமாக ஞாபகம் வைத்திருக்கிறவருக்கு இரண்டு வரி நிற்கவில்லை. வீட்டில் சூப் குடித்துக்கொண்டே மொத்த நாடகத்தையும் சொல்லிக் காட்டுவார். அந்த இடம் வந்ததும் உப்பு கேட்பார்.

மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை ரோஸானுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். மேடையின் வலப்பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, பிரதியை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். ஏழு காட்சியிலும் அந்த இரண்டு வரியை அவள்தான் கிசுகிசுத்தாள். அவர் வாங்கி உரக்கச் சொன்னார். கைதட்டல் விழுந்தது.

எட்டாவது, கடைசிக் காட்சி ஞாயிறு மதியம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை பிரிட்சர்ட் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கட்டடத்தை விற்றாகிவிட்டது, மாசக் கடைசியோடு கடை மூடுகிறது. சாயங்காலம் நார்பர்ட் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்: "கடையை வேற இடத்துக்குக் கொண்டு போறாங்க போல. பெருசா பண்ணப் போறாங்க. பலகையும் புதுசு."

"அப்படியா?" என்றாள் ரோஸான்.

அன்று மதியமே அவளுக்கு விஷயம் தெரியும். பிரிட்சர்டின் மருமகள் அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சாப்பாட்டுத் தட்டை நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். ரோஸான் மசித்த உருளைக்கிழங்கை அவள் தட்டில் மூன்று கரண்டி போட்டது அப்புறம்தான் தெரிந்தது. வேலை முடிந்ததும் நேராகத் தலைமை ஆசிரியரிடம் போனாள். பள்ளிக்குத் தரைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. மருத்துவக் காப்பீடும் உண்டு. நார்பர்ட்டுக்குச் சர்க்கரை வியாதி, காப்பீடு இல்லாமல் ஒரு மாதம் தள்ளமுடியாது. "உங்க வீட்டுக்காரர் மாதிரித் தரை தெரிஞ்சவர் எனக்கு எங்க கிடைப்பாரு? திங்கக்கிழமை காலைல படிவம் என் மேசையில இருக்கணும். அதுக்கு மேல பிடிச்சு வைக்க முடியாதும்மா" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை படிவத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான்."

"ரோஸான், இதெல்லாம் கடை இல்லாதவன் எழுதிக் கொடுக்கிறது. நான் பங்குதாரர்."

"எந்தக் கடைக்கு?"

நார்பர்ட் பெட்டிக் கதவைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். ஒன்றும் எடுக்காமல் மூடினார். "பால் தீர்ந்து போச்சு, வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிப் போனார். பால் இருந்தது.

ரோஸானுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று யோசித்தபோது தன்மேலும் கொஞ்சம் இருந்தது. பதினான்கு வருஷமாகத் தன் தங்கையிடம், மாதா கோயிலில் பக்கத்து இருக்கைக்காரர்களிடம், "அவர் அந்தக் கடையில பங்குதாரர்" என்று சொல்லி வந்தவள் அவள். அவர் தடுமாறின இடத்திலெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அன்பினால்தான் செய்தாள். ஆனாலும் செய்தது அவள்தான். படிவத்தைக் கழற்றி நாலாக மடித்து நாடகப் பிரதிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை வழக்கம்போல ஏமோஸின் கோட்டுப் பையில் நாற்பது கார்டு எண்ணி வைத்தாள். அரங்கம் நிறைந்துவிட்டது. இரண்டாம் வரிசையில் பிரிட்சர்ட், மனைவியோடு. வருஷா வருஷம் அழைப்பு போகும், இந்த வருஷம்தான் வந்திருக்கிறார். மனசு உறுத்தியிருக்கும்.

மூன்றாம் அங்கம். மகளாக நடித்தது கெய்லி என்ற பெண். "லெட்டர் வராதுப்பா" என்றாள். நார்பர்ட் வாயைத் திறந்தார், மூடினார். கண் வழக்கம்போல வலப்பக்கத் திரைக்குப் போனது. ரோஸானின் விரல் அந்த வரியின்மேல்தான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பிரதியை மூடி மடியில் வைத்தாள்.

அரங்கில் யாரோ இருமினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வினிஃப்ரெட் இரண்டு கையாலும் ரோஸானுக்கு ஜாடை காட்டினாள். கெய்லி பாவம், நெற்றியில் வியர்வையோடு மறுபடியும் எடுத்துவிட்டாள்: "லெட்டர் வராதுப்பா. கேக்குதா?"

நார்பர்ட் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரோஸானும் எடுக்கவில்லை. எழுந்து ஓடிவிடலாமா, இல்லை, சொல்லித் தொலைத்துவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. இரண்டும் செய்யவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளால் பிறகு கணக்குச் சொல்ல முடியவில்லை.

"தெரியும்" என்றார் நார்பர்ட். கெய்லியைப் பார்த்துச் சொல்லவில்லை. "ரெண்டாவது குளிர்காலத்துலயே எனக்குத் தெரியும்."

குரல் சின்னதாக இருந்தது. கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. அங்கேயும் யாரும் அசையவில்லை. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, காகிதப் பனி விழுகிற வழியில் ரோஸானின் ஸ்டூலைத் தாண்டி நடந்து போனார்.

முன்கூடத்தில் காப்பியும் கசகசா ரோலும் வைத்திருந்தார்கள். பிரதியை, உள்ளே மடித்திருந்த படிவத்தோடு, மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ரோஸான் காப்பி ஊற்றினாள். நார்பர்ட் வரிசையில் தன் இடத்தில் நின்றார். தலைமுடியில் காகிதப் பனி ஒட்டியிருந்தது. பிரிட்சர்ட் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நார்பர்ட், இன்னைக்கு நீ..." என்று ஆரம்பித்தார். "வந்தது சந்தோஷம் சார். ரோல் எடுத்துக்கோங்க" என்றார் நார்பர்ட்.

அடுத்து திருமதி ஸாபோ. அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "நல்லா அழ வச்சுட்டப்பா. இந்தா பாரு, என் தங்கச்சி வீட்டுல மாடிப்படிக்குக் கம்பளம் போடணுமாம். உன் கார்டு ஒண்ணு கொடு."

நார்பர்ட்டின் கை பைக்குள் போனது. ரோஸான் காப்பிக் குழாயைத் திருகி நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பை புடைத்திருந்தது. நாற்பதில் ஒன்றுகூடக் குறையவில்லை. கை உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வெறுமனே வெளியே வந்தது.

"கார்டு காலியாயிடுச்சும்மா" என்றார் நார்பர்ட்.

சொல்லிவிட்டு, அந்த எட்டுக் காட்சியிலும் போட விடாத பொத்தானைத் தேடிப் பிடித்து, பையின் மூடியை இழுத்து மாட்டினார்.