டெஸ்க்டாப் அக்காவின் பதினோராம் இன்டர்வியூ

ஆபீஸில் அவளுக்கு டெஸ்க்டாப் அக்கா என்றுதான் பெயர். கம்ப்யூட்டர் திரையில் வரும் ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் செய்வதில் பதினாறு வருஷமாகப் பழம் தின்று கொட்டை போட்டவள். கம்பெனி மூடியதும் பத்து இன்டர்வியூ போனாள். பத்திலும் ஒரே பாட்டு: "இப்ப எல்லாம் வெப்பும் மொபைலும்தாங்க. டெஸ்க்டாப்பை யாரு சீண்டுறா?" அடுத்ததும் கைவிட்டால், திங்கட்கிழமை முதல் கொழுந்தனார் ஆபீஸில் வரவேற்பு மேஜைதான் கதி.

பதினோராவது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவு. அதன் தலைவியான மேடத்துக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

"பயோடேட்டா கிடக்கட்டும். இப்படி உட்காருங்க. உங்க பழைய கம்பெனி செஞ்ச ப்ரோக்ராம்தான் இது," என்று ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார்.

வரிசையில் முதல் நோயாளி வந்தார். மேடத்தின் விரல்கள் கீபோர்டில் பறந்தன. மௌஸ் என்ற ஒன்று மேஜையிலேயே இல்லை. கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனது: "பெயர். வயது. வார்டு. சேமி."

அட, அது அவள் செய்த ஜன்னல்! அக்காவுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பார்வையில்லாதவர்கள் காதில் விழும்படி ஒவ்வொரு பொத்தானுக்கும் அவள் உள்ளே பெயர் எழுதிவைத்தபோது, "எவன் கேட்கப்போறான்? வெட்டி வேலை" என்று மேலாளர் எரிந்துவிழுந்தார். கேட்க ஒரு ஆள் இருந்திருக்கிறாரே, ஒன்பது வருஷமாக! நிமிஷத்துக்கு இரண்டு நோயாளி. செய்த அக்காவுக்கே அந்த வேகம் வராது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் மேடம். "ஒண்ணு மட்டும் வெறும் 'பொத்தான்'னு சொல்லும். என்னவோ ஏதோன்னு பயந்து அமுக்கினதே இல்ல. என்னங்க அது?"

அக்கா எட்டிப் பார்த்தாள். அதுவும் அவள் செய்ததுதான். வேறு யாரோ செய்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கைக்கு எட்டிய வேலையை வாயால் கெடுத்துக்கொள்வானேன்? ஆனால் வாயில் பொய் வரவில்லை.

"ரத்துப் பொத்தான், மேடம். தப்பா சேமிச்சுட்டா உடனே திரும்ப எடுக்கறதுக்கு. பேர் எழுத மறந்தது நான்தான். மன்னிச்சுடுங்க."

மேடத்தின் விரல் நின்றது.

"அடப் பாவமே! திருத்த ஒரு வழி இருந்துச்சா? அது தெரியாம நான் தப்பு விடறதையே விட்டுட்டேங்க!"

ஒன்பது வருஷம், லட்சம் பேர், ரத்தே இல்லாமல். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். மேடத்துக்கு அது தெரியாதே என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இங்க முப்பது மேஜையிலயும் இந்த ஜன்னல்தான். பார்த்துக்க ஆளில்லாம தவிக்கிறோம். நாளைக்கே வந்துடுங்க," என்றார் மேடம். "முதல் வேலையா அந்தப் பொத்தானுக்கு ஒரு பேர் வைங்க. வெச்சா நான் அமுக்குவேன்னு மட்டும் நினைக்காதீங்க."

சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.