இருபத்தெட்டு கிலோ

லாயத்தில் என் அண்ணிக்குத் தராசு என்று பட்டப்பெயர். காய்ந்த புல்லைக்கூட வலையில் கட்டி, கொக்கித் தராசில் தொங்கவிட்டு, முள் அசையாமல் நின்ற பிறகுதான் குதிரைக்குப் போடுவார். அண்ணன் முதுகு ஒடிந்து படுத்த வருஷம் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தார். ஒன்பது வருஷமாகப் பதினொரு குதிரைக்குத் தீனி, தண்ணீர், சாணம். நான் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அங்கே லாடம் அடிக்கப் போகிறவன். எனக்கும் இடுப்பு போய்விட்டது. எங்கள் குடும்பத்துக்கும் முதுகுக்கும் ஆகாது.

பதினொன்றில் செவலைக் குதிரை ஒரு பல் டாக்டருடையது. பிராக்டீஸை விட்டுவிட்டவர். வாரத்தில் மூன்று நாள் வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பார்; ஏறுவது குறைவு. நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களோடு சண்டையும் போட முடியாது, அதுதான் தொல்லை. "என் குதிரையை மட்டும் வாரா வாரம் எடை பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். குதிரையை ஏற்றி நிறுக்க அங்கே மேடை கிடையாது. அண்ணி தன் பழைய தையல் டேப் இரண்டை ஒன்றாகத் தைத்து, மார்புச் சுற்றும் நீளமும் அளந்து, அந்த அளவுகளுக்கு அட்டவணையில் எடை பார்த்து, கதவில் தொங்கும் பலகையில் எழுதினார்.

நாலு மாதத்தில் நானூற்று எண்பது கிலோ நானூற்று ஐம்பத்திரண்டாகிவிட்டது.

டாக்டர் டப்பா டப்பாவாகச் சத்துப்பொடி வாங்கி வந்தார். ரோமத்துக்கு ஒன்று, குளம்புக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று. கால்நடை டாக்டரம்மா பார்த்துச் சொல்லட்டும், அதுவரை பிரிக்க மாட்டேன் என்று அண்ணி அலமாரியில் அடுக்கி வைத்தார். அதன் பிறகு டாக்டர் தீனி நேரத்தில் வந்து பக்கத்திலேயே நிற்க ஆரம்பித்தார்.

"நான் தீனியைத் திருடறேன்னு நினைக்கிறார் தம்பி" என்றார் அண்ணி என்னிடம்.

"அப்படிச் சொன்னாரா அண்ணி?"

"சொன்னா பதில் சொல்லலாமே. டப்பா வாங்கிட்டு வர்றாரே."

"குதிரை நல்லாத்தானே இருக்கு."

"பார்த்தா நல்லாத்தான் இருக்கு. அளந்தா இல்லையே. நான் எங்க தப்பு பண்றேன்னே தெரியல. உடம்பு அசந்து போச்சு தம்பி, இப்ப மனசும் சேர்ந்துக்கிச்சு."

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே, செவலை அந்தப் பழமொழிக்கென்றே பிறந்தது. அது இளைக்கிறதாம், என் அண்ணி பொறுப்பில்.

டாக்டரம்மா வந்த அன்று நானும் இருந்தேன். செவலையின் பின்னங்கால் என் மடியில் இருந்தது. அவர் பல்லைப் பார்த்தார், சாணத்தைக் கிளறிப் பார்த்தார், விலாவில் உள்ளங்கையை ஓட்டினார்.

"எலும்பு கண்ணுக்குத் தெரியல, கைக்குத் தட்டுப்படுது. இப்படித்தான் இருக்கணும். நல்ல புல்லு, தண்ணி, நக்க ஒரு உப்புக்கட்டி. இதுக்கு மேல இந்தக் குதிரைக்கு ஒண்ணும் வேண்டாம் சார்."

"கொடுத்தா கெடுதல் இல்லையே?"

டாக்டரம்மா டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "மூணுலயும் செலினியம் இருக்கு. மூணையும் சேர்த்துக் கொடுத்திருந்தா பிடரி கொட்டும், குளம்பு வெடிக்கும். நல்லவேளை யாரோ பிரிக்காம வச்சிருக்காங்க."

யார் என்று அவர் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

"அப்ப இருபத்தெட்டு கிலோ எங்க போச்சு?" என்றார்.

அண்ணி தரையைப் பார்த்தார். செய்யாத குற்றத்துக்கு அப்படித் தலை குனிந்து நின்றவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காலை இறக்கி வைத்துவிட்டுப் போய்ச் சேணத்தை எடுத்து வந்தேன். வயிற்று வாரில் ஒரே ஓட்டைதான் தேய்ந்து கறுத்திருந்தது. அதற்கடுத்த ஓட்டையில் கொக்கி பட்ட தடமே இல்லை.

"இருபத்தெட்டு கிலோ குறைஞ்சிருந்தா வாரை இன்னும் ஒரு ஓட்டை இழுத்துக் கட்டியிருக்க வேண்டாமா சார்?"

பிறகுதான் எனக்கு உறைத்தது. என் இரும்பு டேப்பைத் தரையில் நீட்டி, அண்ணியின் துணி டேப்பை அதன் பக்கத்தில் வைத்தேன். இரும்பில் நூற்றெண்பது வரும் இடத்தில் துணி நூற்றெழுபத்தாறுதான் காட்டியது. துணி நீண்டிருந்தது, குதிரை அப்படியே இருந்தது.

"வேர்வை நாத்தம் அடிக்குதுன்னு ஒவ்வொரு வாரமும் சோப்புப் போட்டு அலசுவேன்" என்றார் அண்ணி மெதுவாக. "சுருண்டுக்காம இருக்க நுனியில பூட்டைக் கட்டித் தொங்கவிடுவேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள், இங்கே வேலைக்கே உலை வைக்கப் பார்த்திருக்கிறது. அண்ணி சிரிக்கவில்லை. டேப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டருக்கு முகம் தெளிந்துவிட்டது. பாரம் இறங்கிய வேகத்தில் மனுஷன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "மன்னிச்சுக்குங்கம்மா. நான்தான் கேட்ல, நீங்க போகும்போது பையைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இன்னைக்கே வேண்டாம்னு சொல்லிடறேன்."

அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"எல்லார் பையையும் பார்க்கிறாங்கன்னு நினைச்சேன் சார்" என்றார்.

டாக்டர் மூன்று டப்பாவையும் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். அண்ணி அடுத்த குதிரைக்குப் புல் நிறுக்கப் போனார். முள் நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

சாயங்காலம் நாங்கள் சேர்ந்துதான் கிளம்பினோம். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீங்க போங்கக்கா, இனிமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றான். நான் கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அண்ணி அவன் மேஜை முன்னால் நின்று, பை வாயை அகலத் திறந்து பிடித்திருந்தார்.

"பாருப்பா" என்றார். "நல்லா அடி வரைக்கும் பாரு."