காக்காப்பொன் பிளக்

என் இடது முழங்கால் மடங்காது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் ஏற்ற இறக்கத்தில், கூலிக்காரர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் மருந்து கொடுப்பவனுக்கு இது பெரிய தொல்லை. அதனால்தான் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரையிடம் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினேன். மனுஷர் வேகப் பைத்தியம். சிலிண்டருக்கு அடியில் இருந்த தகட்டைக் கழற்றிவிட்டு, இஞ்சினின் அழுத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். வண்டி மேட்டில் பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் கொதிக்கும். சாதாரணப் பீங்கான் ஸ்பார்க் பிளக் அந்தச் சூட்டில் வெடித்துவிடும், மைக்கா சுற்றிய பிளக்தான் தாங்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார். மைக்காவை நான் காக்காப்பொன் என்று தமிழில் மனதில் போட்டுக்கொண்டேன்.

வண்டியில் இருந்த பிளக் செத்ததும் பதுளைக்குப் போனேன். அந்தச் சாமான் வைத்திருந்தது ஒரே கடை. முதலாளி மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம். அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். கடைவீதியே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

"காக்காப்பொன் பிளக் இருக்கா?" என்றேன்.

"என்ன டாக்டரய்யா, காக்காட பொன்னயே கேக்குறீங்க? அது பொஞ்சாதிட காதுல கெடக்கு," என்றார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

வெறும் கேலிதான். வேறொருவன் என்றால் தானும் சிரித்துவிட்டு, மைக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கையில் அகப்பட்ட பீங்கான் பிளக்கை எடுத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

"கோவிக்காதீங்க, வேற வகையும் இரிக்கி," என்று பின்னால் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. நான்தான் மடையன்.

மூன்றாம் நாள் காலையில் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து தொழிலாளி ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பிள்ளை பிறந்துவிட்டது, மனைவிக்கு ரத்தம் நிற்கவில்லை. "சீக்கிரம் வாங்கய்யா," என்றார். அதற்கான மருந்து என்னிடம் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு, அவரைப் பின்னால் ஏற்றி, மேட்டில் முடுக்கினேன்.

பாதி மேட்டில் டப்பென்று சத்தம். வண்டி நின்றது. விரல் வெந்துபோகக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் இரண்டாகப் பிளந்திருந்தது. செத்த பழைய பிளக்கையே மாட்டி உதைத்தேன், உதைத்தேன். ஒரு இருமல்கூட இல்லை. மருந்தைக் கொடுத்து அவரை ஓடச் சொல்லலாம் என்றால், அது ஊசியில் ஏற்றும் மருந்து. அங்கே ஊசி போட யாருக்குத் தெரியும்? வண்டியைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வண்டி கெடக்கட்டுங்கய்யா. முதுகுல ஏறுங்க," என்று அவர் குந்தினார்.

ஏறினேன். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் என்னைச் சுமந்துகொண்டு போனார். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் கைக்குத் தெரிந்தது. வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது. கனத்துக்கொண்டு கிடப்பதைத் தவிர என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

லயம் கண்ணில் படுமுன்னே பெண்களின் ஒப்பாரி கேட்டது. அவர் நின்றார்.

"இறக்கி விடுப்பா," என்றேன்.

"இருங்கய்யா, இந்த எடத்துல வழுக்கும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஏறத் தொடங்கினார்.